நான்காம் கியரில் அடங்கும் சத்தம்

முதல் கியரில் ஓர் அரவைச் சத்தம். இரண்டாவதில் அது கூடும். மூன்றாவதிலும் விடாது. நான்காவதுக்கு மாற்றியதும் அடங்கிவிடும். ஐந்தாவது போட்டால் மறுபடி எழும். என் பழைய ஜிப்சி கிங்கில் இது தொடங்கியதும் ஒரு பட்டறையில் காட்டினேன். "கியர் பாக்ஸ் போயிருச்சு சார், இறக்கித்தான் ஆகணும்" என்றார்கள். சொன்னது சரிதான். ஆனால் பெட்டிக்குள் எது போயிருக்கிறது என்பதை, ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாத நிலையில், அந்தச் சத்தமே சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகு, வேலையை வீட்டுக் கார் ஷெட்டிலேயே செய்துவிடலாம் என்ற துணிவு வந்தது.

மாருதி ஜிப்சி 1985இல் நம் சாலைகளுக்கு வந்தது. முதலில் 970 சிசி இன்ஜின், நான்கு கியர். 1996இல் வந்த ஜிப்சி கிங்கில் 1298 சிசி இன்ஜினும் ஐந்து கியரும். ராணுவத்திலும் போலீஸிலும் வனத்துறையிலும் ஓடிய வண்டி என்பதால் மலையூர்களில் இன்றும் கண்ணில் படுகிறது. ஏணி போன்ற இரும்புச் சட்டம், நான்கு பக்கமும் பட்டை வில், நீளவாக்கில் வைத்த இன்ஜின். வீட்டில் வேலை பார்க்க இதைவிட இசைவான நான்கு சக்கர இழுவை வண்டி அரிது. அதற்கு முக்கியக் காரணம், இதில் கியர் பெட்டி தனி, விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் பெட்டி தனி. இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட் ஓடுகிறது. பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளில் இரண்டு பெட்டிகளும் ஒட்டிப் பிறந்தவை; தரைத்தகட்டையும் இருக்கைப் பெட்டியையும் கழற்றிவிட்டு, கிரேன் வைத்து மொத்தத்தையும் வண்டிக்கு உள்ளிருந்து மேலே தூக்க வேண்டும். ஜிப்சியில் கியர் பெட்டியை மட்டும் கீழே இறக்கினால் போதும்.

பெட்டிக்குள் மூன்று ஷாஃப்டுகள் உண்டு. கிளட்சிலிருந்து உள்ளே வருவது கிளட்ச் ஷாஃப்ட். அதே நேர்கோட்டில், பின்புறமாக வெளியேறுவது மெயின் ஷாஃப்ட். இரண்டுக்கும் இணையாகக் கீழே கிடப்பது லே ஷாஃப்ட். சாதாரணமாக, இன்ஜினின் விசை கிளட்ச் ஷாஃப்டிலிருந்து ஒரு பல்சக்கரம் வழியாக லே ஷாஃப்டுக்கு இறங்கும். அங்கிருந்து, நாம் போட்ட கியரின் பல்சக்கரம் வழியாக மெயின் ஷாஃப்டுக்கு ஏறும். இறங்கி ஏறும் இந்தப் பாதையில்தான் வேகம் குறைந்து முறுக்குவிசை கூடுகிறது. ஜிப்சி கிங்கின் முதல் கியர் விகிதம் 3.652. இன்ஜின் 3.652 சுற்று சுற்றினால் மெயின் ஷாஃப்ட் ஒரு சுற்று. இரண்டாவது 1.947, மூன்றாவது 1.423, ஐந்தாவது 0.795.

நான்காவது சரியாக 1. அந்தக் கியரில் கிளட்ச் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்கின்றன. விசை கீழே இறங்குவதே இல்லை. லே ஷாஃப்ட் அப்போதும் சுற்றும். ஆனால் அதன்மேல் சுமை கிடையாது. சுமை இல்லாத பேரிங், குழி விழுந்திருந்தாலும் பெரிதாகக் கத்தாது. ஆகவே நான்கில் மட்டும் அடங்கும் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: நோய் லே ஷாஃப்டில், அதன் பேரிங்குகளில் அல்லது பற்களில்.

இந்த முறையில் இன்னும் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள். கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்ததும் கிளட்ச் ஷாஃப்டும் லே ஷாஃப்டும் சுற்றுகின்றன. அப்போது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றுவிட்டால், கோளாறு அந்த இரண்டில் ஒன்றின் பேரிங்கில். மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்கையோ ப்ளைவீல் நடுவிலுள்ள சிறு பைலட் பேரிங்கையோ சந்தேகப்படுங்கள். பெட்டியைக் குற்றம் சொல்லாதீர்கள். ஓடும்போது நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டியை அதன் போக்கில் உருள விட்டும் சத்தம் தொடர்ந்தால், அது பெரும்பாலும் பெட்டிக்குப் பின்னால் இருப்பவற்றின் சத்தம்: டிரான்ஸ்பர் பெட்டி, ஷாஃப்டின் கிராஸ், அச்சு, சக்கர பேரிங்.

ஜிப்சிக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இதன் டிரான்ஸ்பர் பெட்டி சாதாரண ஓட்டத்திலும் 1.409 விகிதத்தில் பல்சக்கரங்கள் வழியாகவே விசையைக் கடத்துகிறது. அதனால் ஒரு மெல்லிய இரைச்சல் எப்போதும் இருக்கும். அது அந்த வண்டியின் இயல்பு. அதேபோல் ரிவர்ஸில் எழும் ஊளையும் கோளாறல்ல. முன்செல்லும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஒரு பல் விலகுமுன் அடுத்தது மெல்ல நுழைவதால் சத்தம் குறைவு. ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. ஒவ்வொரு பல்லும் முழு அகலத்தோடு ஒரே சமயத்தில் மோதுகிறது, அதுதான் ஊளை. இந்த இரண்டு சத்தங்களுக்காக நல்ல பெட்டியை இறக்கிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

என் பெட்டியில் இன்னொரு தொல்லையும் இருந்தது. முதலிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கறகறவென்று ஒரு பிடிவாதம். முன்செல்லும் கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றையொன்று கவ்வியபடிதான் சுற்றுகின்றன. கியர் போடும்போது நாம் பூட்டுவது, மெயின் ஷாஃப்டின் மேல் தளர்வாகச் சுற்றும் சக்கரத்தை அந்த ஷாஃப்டோடு. பூட்டுமுன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். ஓடும் பஸ்ஸில் ஏறுபவர் நான்கு எட்டு கூடவே ஓடிவிட்டுத்தானே ஏறுவார்? பெட்டிக்குள் அந்த நான்கு எட்டை ஓடுவது சிங்க்ரோ வளையம். கூம்பு வடிவப் பித்தளை வளையம், எஃகுக் கூம்பின் மேல் அழுந்தி, உராய்வினாலேயே வேகத்தைச் சமப்படுத்துகிறது. 1928இல் காடிலாக் கார்களில் பொறியாளர் ஏர்ல் தாம்ப்சனின் இந்த ஏற்பாடு வரும்வரை, அந்த வேலையை ஓட்டுநரின் காலும் காதும் செய்தன. நம் ஊர்ப் பழைய லாரி ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் போட்டு ஓட்டியது அதனால்தான்.

முதல் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் இருக்கும்போது இரண்டுக்கு மாற்றினால், கிளட்ச் பிளேட்டும் கிளட்ச் ஷாஃப்டும் ஏறத்தாழ 2130 சுற்றுக்கு இறங்க வேண்டும்; லே ஷாஃப்டும் அதே விகிதத்தில் இறங்க வேண்டும். அதே 4000இல் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் சுமார் 2920 வரை இறங்கினால் போதும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலான இந்தப் பெரிய பள்ளத்தை ஒரு சிறு பித்தளை வளையம் ஒவ்வொரு முறையும் தாண்டுகிறது. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு இரண்டாம் கியர் தேவை. அந்த வளையம் முதலில் தேய்வதில் வியப்பில்லை.

பெட்டியை இறக்குமுன் எண்ணெயை வடித்துப் பார்த்தேன். அதற்கும் முன்பு செய்ய வேண்டியது, எண்ணெய் ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்ப்பது. கீழ்மூடியைத் திறந்து எண்ணெயை வடித்துவிட்டு, மேல்மூடி துருவேறித் திறக்க மறுத்தால், ஓட்டவும் முடியாத ஊற்றவும் முடியாத வண்டி மிஞ்சும். வடிந்த எண்ணெய் ஒரு மருத்துவ அறிக்கை. சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். தங்கப்பொடி போல் மின்னினால் சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. நகத்துணுக்கு அளவில் எஃகுச் செதில்கள் கிடந்தால் பல்லின் மேற்பரப்பு உரிகிறது. பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது: சூடான பெட்டி ஆற்றுத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் ஓரங்கள் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். என் எண்ணெயில் தங்கப்பொடியும் இருந்தது, செதிலும் இருந்தது. பெட்டியைப் பிரித்துச் செப்பனிடுவதைவிட மாற்றிவிடுவது மேல் என்று முடிவானது.

பழைய உதிரிபாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையைத் தெரியாதவர் இல்லை. எங்கே வாங்கினாலும், மேசையில் கிடக்கும் பெட்டியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் கியரில் போட்டு, கிளட்ச் ஷாஃப்டைக் கையால் சுற்றி, பின்முனை ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள். மூன்றரைக்குச் சற்று மேல் வந்தால் விகிதம் சரி. ஒவ்வொரு கியரிலும் சுற்றிப் பாருங்கள். எங்காவது சொரசொரப்பாகத் தட்டினால் வேண்டாம். கிளட்ச் ஷாஃப்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இன்ஜினோடு சேரும் முகத்தின் போல்ட் துளைகளையும், ஷாஃப்டின் வரிப்பற்களையும் உங்கள் பழைய பெட்டியோடு ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி வண்டியைத் தூக்குவது. இதில் மட்டும் நான் கண்டிப்பானவன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் எண்ணெயை அடைத்து வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம். அதை நம்பி ஒரு டன் இரும்புக்கு அடியில் படுக்கக் கூடாது. வீட்டில் கிடக்கும் ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அந்தக் கல் சுவராகப் பரவலாகச் சுமை தாங்கச் செய்யப்பட்டது. ஒரு புள்ளியில் அழுத்தினால், விரிசல் காட்டி எச்சரிக்காமல் நொறுங்கும். கான்கிரீட் தரையில், ஜிப்சியின் இரும்புச் சட்டத்துக்கு நேர் கீழே நான்கு ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரங்களைத் தரையில் விட்டு வேலை செய்வதானால் கட்டை கொடுங்கள். குட்டி ஷாஃப்டைக் கழற்றியபின், கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது; இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் அப்போது தொடர்பே இல்லை.

கழற்றும் வேலை பொறுமையாகச் செய்தால் ஒரு முற்பகல். பேட்டரி நெகடிவ் கம்பி, உள்ளிருந்து கியர் ராடு, ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் கேபிள், ரிவர்ஸ் லைட் கம்பி, குட்டி ஷாஃப்ட். ஷாஃப்டின் விளிம்புகள் சேரும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப அதே நிலையில் சேராவிட்டால் அதிர்வு வரும். ஓர் அட்டையில் கியர் பெட்டியின் முகத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டை அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளங்கள் வேறுவேறு.

பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றுமுன், இன்ஜினின் ஆயில் சம்புக்கு அடியில் பலகை வைத்து ஒரு ஜாக்கி, பெட்டிக்கு அடியில் இன்னொரு ஜாக்கி. இதில் இரண்டாவதுதான் பலர் தவறும் இடம். கடைசி போல்ட் கழன்றபின் பெட்டி இன்ஜினோடு சேர்ந்திருப்பது கிளட்ச் ஷாஃப்டின் முனை ஒன்றினால் மட்டுமே. அந்த ஷாஃப்ட் முறுக்கைத் தாங்கப் பிறந்தது. எடையைத் தாங்க அல்ல. பெட்டியின் பின்பகுதி கீழே தொங்கினால், நெம்புகோல் போல முழு எடையும் கிளட்ச் பிளேட்டின் மெல்லிய நடுத்தகட்டில் விழும். அது ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் போதும், புதுப் பெட்டி போட்ட பிறகும் வண்டி கிளம்பும்போது உதறும், கியர் விழ அடம்பிடிக்கும். பெட்டி நேர்கோட்டில், மட்டமாக, பின்னால் நகர வேண்டும். ஷாஃப்ட் முழுதாக வெளியே வந்தபிறகே கீழே இறங்க வேண்டும்.

பெட்டி கீழே வந்துவிட்டால் கிளட்சை அப்படியே விட்டுவிடாதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நான்கையும் மாற்றிவிடுங்கள். இன்னொரு முறை இறக்கும் உழைப்போடு ஒப்பிட்டால் இவற்றின் விலை பெரிதல்ல. அங்கே படிந்திருக்கும் கரித்தூளை ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். புது பிளேட்டை, பழைய பெட்டியின் கிளட்ச் ஷாஃப்டையோ, அதே அளவில் கடைந்த மரக்கட்டையையோ நடுவில் செருகி மையப்படுத்துங்கள். பிறகு பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஏற்றும்போது என் அக்கா மகன் உதவிக்கு வந்திருந்தான். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் அகலம் இடைவெளி இருந்தபோது, மேலிருந்து கேட்டான்: "மாமா, போல்ட் நாலு நூல் பிடிச்சிருச்சு. இறுக்கினா தானா உள்ள வந்திரும்ல?"

"இறுக்காதே, கையை எடு" என்றேன். போல்ட்டை இறுக்கினால் பெட்டி உள்ளே வரத்தான் செய்யும். ஆனால் அலுமினிய உறையின் காது உடைந்தோ, பைலட் பேரிங் நசுங்கியோ வரும். மையம் சரியாக இருந்தால் கடைசி இடைவெளி கைத்தள்ளலிலேயே மூடிக்கொள்ளும். மூடவில்லை என்றால் மூன்றில் ஒன்று: பிளேட் மையத்தில் இல்லை, வரிப்பற்கள் பொருந்தவில்லை, அல்லது பெட்டி சாய்ந்திருக்கிறது. பெட்டியைக் கியரில் போட்டு, பின்முனையை மெல்லத் திருப்பச் சொன்னேன். வரிப்பற்கள் வழிக்கு வந்தன. ஜாக்கியை அரை விரல் உயர்த்தினோம். சற்றுத் தள்ளியதும் 'டக்'கென்று அமர்ந்தது. அதன் பிறகுதான் போல்ட்.

மறுநாள் பழைய பெட்டியைப் பிரித்தோம். லே ஷாஃப்டின் பேரிங் ஓடுபாதையில் குழிகள். முதல் கியரின் பற்களில் சிறு சிறு பள்ளங்கள். பல்சக்கரத்தின் மேல்தோலைக் கார்பன் ஏற்றிக் கடினமாக்கியிருப்பார்கள். உள்ளே உறுதியான, நெகிழும் எஃகு. மீண்டும் மீண்டும் பெரும் அழுத்தம் விழும்போது அந்தத் தோலுக்கு அடியில் நுண் விரிசல் பிறந்து, ஒரு நாள் செதிலாகப் பெயர்கிறது. எனக்கு முன் இந்த வண்டி ஒரு தோட்டத்தில் மூட்டை ஏற்றி ஏறிய வண்டி. ஏற்றத்தில் டிரான்ஸ்பர் பெட்டியின் லோ கியரைப் போடாமல், முதல் கியரிலேயே முக்கி முக்கி ஏற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

லோ கியர் பெட்டியைக் கெடுக்கும் என்று பலர் தவிர்க்கிறார்கள். கணக்கு நேர் எதிராக இருக்கிறது. இன்ஜினிலிருந்து 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியரில் பெட்டியிலிருந்து 365 வெளியேறும். டிரான்ஸ்பர் பெட்டி ஹையில் இருந்தால் அது 1.409 மடங்காகி ஏறத்தாழ 514, லோவில் 2.268 மடங்காகி ஏறத்தாழ 828. இந்தப் பெருக்கம் முழுவதும் கியர் பெட்டியைத் தாண்டிய பிறகு நடப்பது. எனவே ஓர் ஏற்றத்துக்குத் தேவையான அதே இழுவையை லோவில் எடுத்தால், கியர் பெட்டியும் கிளட்சும் ஹையில் சுமப்பதில் 62 சதவீதமே சுமக்கின்றன. மீதிச் சுமை டிரான்ஸ்பர் பெட்டிக்கும் அச்சுகளுக்கும் உரியது. அவற்றை அதற்காகவே செய்திருக்கிறார்கள். ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜிப்சியில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடுகின்றன. மண்ணிலும் சேற்றிலும் அந்த வேறுபாடு சக்கரச் சறுக்கலில் கரைந்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் கரைய வழியில்லை, ஷாஃப்டுகளில் முறுக்காகத் தேங்கும். தாரில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டாதீர்கள்.

கடைசியாக எண்ணெய். கடைக்காரர் ஜிஎல்-5 கொடுத்து "இது உயர்ந்த ரகம்" என்பார். அச்சுக்கு உயர்ந்ததுதான். அதில் கடும் அழுத்தம் தாங்கும் கந்தகச் சேர்மங்கள் ஜிஎல்-4ஐப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அந்தக் கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கும் தன்மையுடையது. மேலும் சிங்க்ரோ வளையம் உராய்வினால் வேலை செய்வது; மிதமிஞ்சிய வழுவழுப்பு அதன் பிடியைக் கெடுக்கும். கியர் பெட்டிக்கு ஜிஎல்-4 என்றே கேட்டு வாங்குங்கள். ஏறத்தாழ 1.3 லிட்டர் பிடிக்கும். வண்டி மட்டமாக நிற்கையில், ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்ற வேண்டும்.

இப்போது முதல் மூன்று கியர்களும் நான்காவதைப் போலவே ஓடுகின்றன. டிரான்ஸ்பர் பெட்டியின் இரைச்சல் இருக்கிறது, இருக்கட்டும். நீங்களும் இந்த வேலையைச் செய்தால் 500 கிலோமீட்டர் ஓடியதும் அந்தப் புது எண்ணெயை ஒரு முறை வடித்து, சிறு காந்தம் ஒன்றை அதில் விட்டுத் துழாவிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டினால், வாங்கிய பெட்டி நல்ல பெட்டி.